பன்னிரண்டு மொழிகளில் நிறுவனத் தளம் கேட்கிறார்கள்: எங்கே ஆரம்பிப்பது?

கோட்டோவியன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தொழிற்சாலைகளுக்கான எடை, அழுத்த, வெப்ப அளவீட்டுக் கருவிகள் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தின் தளத்தைப் புதிதாக வடிவமைக்கும் வேலை வந்திருக்கிறது. இப்போது இருப்பது ஆங்கிலத் தளம் மட்டும். வாங்குபவர்களோ ஐரோப்பா, வளைகுடா, கிழக்காசியா, லத்தீன் அமெரிக்கா என்று பரவிக் கிடக்கிறார்கள்.

மேலிடம் கேட்பது இதுதான். பன்னிரண்டு மொழிகள், எல்லாம் ஒரே நாளில் வெளியாக வேண்டும். யார் வந்தாலும் ஐபி முகவரியைப் பார்த்து அவர் நாட்டு மொழிப் பக்கத்துக்குத் தானாகத் திருப்பிவிட வேண்டும். மேல் மூலையில் வரிசையாகக் கொடிகள். திட்ட மேலாளர், "முதலில் ஆங்கிலத்தில் டிசைனை முடியுங்கள், மொழிபெயர்ப்பை அப்புறம் உள்ளே போட்டுக்கொள்ளலாம்" என்கிறார்.

காட்சி வடிவமைப்பு எனக்குப் பழகிய வேலை. பன்மொழித் தளம் புதிது. இதில் எதற்குத் தலையாட்டலாம், எதற்கு முடியாது என்று சொல்ல வேண்டும்?

சர்வர்சாமி எழுதியது:

முதலில் ஐபி திருப்பலுக்கு முடியாது என்று சொல்லுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதை ஐபி முகவரி உத்தேசமாகச் சொல்லும். அவர் எந்த மொழியில் படிப்பார் என்று அதற்குத் தெரியாது. டோக்கியோவுக்கு வேலையாகப் போன பிரேசில் பொறியாளருக்கு ஜப்பானியப் பக்கத்தைத் திறந்து காட்டி என்ன பயன்? ஸ்விட்சர்லாந்து ஐபி என்றால் ஜெர்மனா, பிரெஞ்சா, இத்தாலியனா? பெரிய நிறுவனங்களில் இருப்பவர்கள் விபிஎன் வழியாக வருவார்கள். அவர்கள் ஐபி காட்டும் நாட்டில் அவர்கள் காலே வைத்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு பெரிய சிக்கல் தேடல். தேடலுக்காகப் பக்கங்களைத் திரட்டும் கூகுளின் நிரலான கிராலர் பெரும்பாலும் அமெரிக்க ஐபிகளிலிருந்து வருகிறது. மொழி விருப்பத்தைச் சொல்லும் ஹெட்டரையும் பொதுவாக அனுப்புவதில்லை. நீங்கள் கட்டாயமாகத் திருப்பினால் அது ஆங்கிலப் பக்கங்களையே சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடும். மற்ற பதினொரு மொழிக்கும் செலவழித்தது தேடலில் தலைகாட்டாமலே கிடக்கும்.

ஐரோப்பாவில் சட்டமும் குறுக்கே நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/302 ஒழுங்குமுறை 2018 டிசம்பர் 3 முதல் நடைமுறையில் உள்ளது. வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர் என்பதை வைத்து, அவர் ஒப்புதல் இல்லாமல் தளத்தின் வேறொரு பதிப்புக்குத் திருப்பக் கூடாது. ஒப்புக்கொண்டு போனாலும், முதலில் அவர் கேட்ட பதிப்புக்கு எளிதில் திரும்ப வழி இருக்க வேண்டும்.

பதிலுக்கு இதைச் செய்யுங்கள். பிரௌசர் அனுப்பும் மொழி விருப்பத்தைப் பார்த்து, மேலே மெல்லிய பட்டை ஒன்றில் "இந்தப் பக்கம் ஸ்பானிஷிலும் உண்டு" என்று ஸ்பானிஷிலேயே சொல்லுங்கள். அவர் மூடிவிட்டால் மறுபடி எட்டிப் பார்க்கக் கூடாது. மொழியை மாற்றினால் அதே கருவியின் பக்கத்துக்குப் போக வேண்டும். முகப்புக்குத் தள்ளிவிடும் தளங்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

நிரல்மணி எழுதியது:

சாமி சொன்னதற்கு மேல் ஒன்று. நாடு வேறு, மொழி வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் மூலையில் கொடி வந்து உட்கார்கிறது. ஸ்பானிஷ் சுமார் இருபது நாடுகளின் ஆட்சிமொழி. யார் கொடியை வைப்பீர்கள்? ஒரு நாட்டுக்குள்ளேயே பல மொழி என்றால் ஒரே கொடியை நாலு தடவை வைப்பீர்களா? மொழியின் பெயரை அந்த மொழியின் எழுத்திலேயே எழுதிவிடுங்கள், போதும். அரபு படிப்பவர் அரபு எழுத்தைத்தான் கண்ணால் துழாவுவார். நாட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி தனியாக இருக்கட்டும். விலை, விநியோகஸ்தர், சான்றிதழ், மின்னழுத்தம் இதெல்லாம் நாட்டைப் பொறுத்தவை.

யூஆர்எல் அமைப்புக்கு மூன்று வழி. நாட்டுக்கு ஒரு டொமைன், மொழிக்கு ஒரு சப்டொமைன், ஒரே டொமைனில் மொழிக்கு ஒரு ஃபோல்டர். நாட்டு டொமைன் உள்ளூர் நம்பிக்கையைத் தரும், ஆனால் பராமரிப்பு பன்மடங்கு. சில டொமைன்களை அங்கே முகவரி இல்லாதவர்களுக்குக் கொடுக்கவும் மாட்டார்கள். பிரான்சின் டொமைனுக்கு ஐரோப்பிய ஒன்றியத்திலோ அதையொட்டிய சில நாடுகளிலோ இருப்பு வேண்டும். உங்கள் அளவுக்கு ஃபோல்டர் போதும். குக்கியை வைத்து ஒரே யூஆர்எல்லில் மொழியை மட்டும் மாற்றிக் காட்டும் வேலைக்குப் போகவே போகாதீர்கள். ஒருவர் அனுப்பும் லிங்க் இன்னொருவருக்கு வேறு மொழியில் திறக்கும்.

அடுத்தது ஹெச்ரெஃப்லாங்: ஒரு பக்கத்தின் மற்ற மொழிப் பதிப்புகள் எங்கே உள்ளன என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு. கூகுள் இதை 2011 கடைசியில் கொண்டுவந்தது. ஒவ்வொரு பக்கமும் தன்னையும் சேர்த்து எல்லாப் பதிப்புகளையும் சுட்ட வேண்டும். ஜெர்மன் பக்கம் பிரெஞ்சைச் சுட்டி, பிரெஞ்சு திரும்பச் சுட்டாவிட்டால் அந்த ஜோடி கணக்கில் வராது. பன்னிரண்டு மொழி என்றால் ஒரே ஒரு கருவிக்கு 144 குறிப்புகள். கையால் எழுதினால் எங்காவது உதைக்கும். தளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்கும் மென்பொருளான சிஎம்எஸ்ஸே, தளத்தின் பக்கப் பட்டியலான சைட்மேப்பில் அவற்றை உருவாக்கட்டும். குறியீட்டில் அடிக்கடி நடக்கும் பிழை: பிரிட்டனுக்கு "ஜிபி" என்று போடுவதற்குப் பதில் "யூகே" என்று போடுவது. மொழிக் குறியீட்டில் யூகே என்றால் உக்ரேனியன். எந்த மொழிக்கும் பொருந்தாதவருக்கு என்ன காட்டுவது என்று சொல்ல எக்ஸ்-டிஃபால்ட் இருக்கிறது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லோரும் வேலையைப் பெரிதாக்குகிறீர்கள். இப்போதைய இயந்திர மொழிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. பன்னிரண்டு மொழியையும் அதில் போட்டு எடுத்து வெளியிட்டால் செலவும் இல்லை, காத்திருப்பும் இல்லை. சிஎஸ்ஏ ரிசர்ச் 2020இல் 29 நாடுகளில் 8,709 பேரிடம் கேட்டதில், 76 சதவீதம் பேர் தங்கள் மொழியில் விவரம் இருக்கும் பொருளையே விரும்புகிறோம் என்றார்கள். 40 சதவீதம் பேர் வேற்று மொழித் தளத்தில் வாங்கவே மாட்டோம் என்றார்கள். ஒன்றுமில்லாததற்கு இயந்திரம் மேல் இல்லையா?

கிளிமொழி எழுதியது:

பிழைப்பே மொழிபெயர்ப்பு என்பதால் நான் எதிர்க்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் சார். நானும் இயந்திரத்தை வைத்துத்தான் முதல் வரைவு எடுக்கிறேன். அந்தக் கணக்கெடுப்பு நுகர்வோரிடம் எடுத்தது; அதை நடத்தியதும் மொழிச் சேவைத் துறைக்கான ஆய்வு நிறுவனம்தான். தொழிற்சாலைக்கு அழுத்தமானி வாங்கும் பொறியாளர் வீட்டுக்குச் சட்டை வாங்குபவர் மாதிரி முடிவெடுப்பதில்லை. விவரக்குறிப்பைத்தான் முதலில் பார்ப்பார்.

இயந்திரம் எங்கே கவிழும் என்றால், அந்த விவரக்குறிப்பில்தான். நீளமான விளக்கப் பத்தியை அது அழகாகப் புரட்டிவிடும். மெனுவில், பொத்தானில், அட்டவணைத் தலைப்பில் ஒற்றைச் சொல்லாக நிற்பதற்குச் சுற்றுப்புறமே கிடையாது. அது பெயரா, கட்டளையா என்று இயந்திரத்துக்கும் தெரியாது, எக்செல் கோப்பில் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் வாங்கும் எனக்கும் தெரியாது. அதனால் கோட்டோவியன், நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு சொற்றொடரோடும் அது வரும் திரையின் படத்தையும் இத்தனை எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்ற குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னொன்று. நிறுவனத்திடம் பழைய பயனர் கையேடுகளின் மொழிபெயர்ப்பு எங்காவது தூங்கிக்கொண்டிருக்கும், தேடச் சொல்லுங்கள். அந்தந்த நாட்டு விநியோகஸ்தர்கள் படித்துத் திருத்திய கலைச்சொற்கள் அதில் கிடைக்கும். கலைச்சொல் பட்டியலை அதிலிருந்து எடுங்கள். தளம் ஒரு சொல்லும் கையேடு இன்னொரு சொல்லும் சொன்னால் வாங்குபவருக்கு இரண்டும் வேறு கருவியோ என்று சந்தேகம் வரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

சரி, விவரக்குறிப்புக்கு ஒப்புக்கொள்கிறேன். செய்திப் பகுதியையும் வலைப்பதிவையும் இயந்திரத்திடம் விட்டால் என்ன?

நிரல்மணி எழுதியது:

யாரும் படித்துப் பார்க்காமல் மொத்தமாகப் புரட்டி ஏற்றினால் கூகுள் 2024 மார்ச்சில் இறுக்கிய ஸ்பாம் கொள்கையில் மாட்டலாம். வாசகருக்குப் பயன் இல்லாமல் பெருவாரியாக உருவாக்கும் பக்கங்கள் என்ற வகையில் தானியங்கி மொழிபெயர்ப்பையும் அதில் உதாரணமாகச் சொல்லியிருக்கிறார்கள். அதைவிட, பழைய செய்தியைப் பன்னிரண்டு மொழியில் யார் தேடி வரப் போகிறார்கள்? அதை ஆங்கிலத்திலேயே விடுங்கள். மற்ற மொழிப் பக்கத்தில் லிங்க் கொடுக்கும்போது "ஆங்கிலத்தில்" என்று அருகில் குறித்துவிட்டால் போதும்.

எழுத்துருப்பித்தன் எழுதியது:

திட்ட மேலாளரின் "அப்புறம் உள்ளே போட்டுக்கொள்ளலாம்" என்ற வரிக்கு வருகிறேன். அளவெடுக்காமல் சட்டை தைத்துவிட்டு ஆளைத் தேடுவது போன்ற வேலை அது.

ஐபிஎம் வகுத்த ஒரு பழைய கணக்கை இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி இன்றும் எடுத்துக் காட்டுகிறது. ஆங்கிலத்தில் 10 எழுத்துக்குள் அடங்கும் சொற்றொடர் மொழிபெயர்ப்பில் இரண்டு மூன்று மடங்காகலாம். 70 எழுத்தைத் தாண்டிய பத்தி சராசரியாக 30 சதவீதம்தான் நீளும். அதாவது பத்திகள் சமாளித்துக்கொள்ளும். உடைவது பொத்தான், மெனு, டேப், அட்டவணைத் தலைப்பு. ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் வரையும்போதே ஜெர்மனிலும் தமிழிலும் ஒரு தடவை நிரப்பிப் பாருங்கள். மொழிபெயர்ப்பு கையில் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொற்களையே உச்சிக்குறிகளோடு இரட்டிப்பு நீளத்தில் போட்டு ஒரு போலி மொழியைச் செய்து சோதிக்கலாம். பொத்தானுக்கு அகலம் நிர்ணயிக்காதீர்கள், உள்ளே இருப்பதற்கு ஏற்ப விரியட்டும். படத்துக்குள் எழுத்து வேண்டவே வேண்டாம்.

உயரமும் கவனம். வரி உயரத்தைப் பிக்சலில் இறுக்கினால் தமிழின் கொம்பும் சுழியும், தாய்லாந்து எழுத்தின் அடுக்குக் குறிகளும், வியட்நாமிய உச்சிக்குறிகளும் வெட்டுப்படும். ஆங்கிலத்துக்கு 1.2 போதும் என்றால் இவற்றுக்கு 1.6 வரை கொடுத்துப் பாருங்கள். தலைப்புகளில் எழுத்து இடைவெளியைக் கூட்டும் பழக்கம் இருந்தால் அரபுக்கு அதை அணைத்துவிடுங்கள். கூட்டெழுத்தாக ஓட வேண்டியது உதிரி எழுத்தாகச் சிதறும். பெரிய எழுத்து என்ற வேறுபாடே பாதி உலகின் எழுத்துகளில் இல்லை. அழுத்திச் சொல்ல அதை நம்பியிருந்தால் வேறு வழி தேட வேண்டும்.

பக்கம் எந்த மொழியில் இருக்கிறது என்று பிரௌசருக்குச் சொல்லும் லாங் பண்பு எல்லாப் பக்கத்திலும் சரியாக இருக்கட்டும். யூனிகோடில் சீன, ஜப்பானிய எழுத்துகள் பல ஒரே குறியிடத்தைப் பகிர்கின்றன, வரையும் விதம் மட்டும் வேறு. லாங் தப்பானால் ஜப்பானிய வாசகருக்குச் சீன வடிவம் வரும். படிக்க முடியும், ஆனால் வேற்றாள் செய்த தளம் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். வரி முடிவில் சொல்லை உடைப்பது, திரைவாசிப்பான் எந்த உச்சரிப்பில் படிப்பது, இவையும் அந்தப் பண்பை நம்பித்தான் நடக்கின்றன.

எழுத்துருக் கோப்பின் அளவு பற்றி ஒரு வார்த்தை. 2014இல் அடோபியும் கூகுளும் வெளியிட்ட, சீன, ஜப்பானிய, கொரிய எழுத்துகளுக்கான நோட்டோ சான்ஸ் சிஜேகே குடும்பத்தில் ஒரு கோப்புக்குள் 65,535 வடிவங்கள், ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு வடிவம் தாங்கும் உச்சம் அது. அப்படியே இறக்கினால் பக்கம் நகராது. துண்டு துண்டாகப் பிரித்து இறக்குங்கள், இல்லையென்றால் சாதனத்தில் இருக்கும் எழுத்துருவையே நம்புங்கள். கூகுள் சர்வரிலிருந்து எழுத்துருவை நேரடியாக இழுக்க வேண்டாம். வருகையாளரின் ஐபி முகவரி கூகுளுக்குப் போகிறது என்று சொல்லி 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று தள உரிமையாளரை 100 யூரோ கட்டச் சொன்னது. உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

வலமிடம் எழுதியது:

அரபு பட்டியலில் இருப்பதால் நான் வந்தே ஆக வேண்டும். எழுத்தின் திசையைச் சொல்லும் "டிர்" பண்பை ஆர்டிஎல் (வலமிருந்து இடம்) என்று மாற்றினால் பக்கம் திரும்பிவிடும், வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் வகைத் தளத்தில் வினையே அதற்குப் பிறகுதான்.

ஓர் அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். கருவியின் இயங்கு வெப்பநிலை கழித்தல் 40 முதல் 85 டிகிரி வரை. அரபுப் பத்தியில் அதை அப்படியே போட்டால் கழித்தல் குறி எண்ணின் வலப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இடைவெளி விட்டு ஒரு கோடு போட்டிருந்தால் வரம்பே தலைகீழாகி 85 முதலில் நிற்கும். மாடல் எண்ணிலும் இதே கூத்து. 200 என்று தொடங்கி, கோடு போட்டு, ரோமன் எழுத்தில் முடியும் மாடல் அரபு வரியில் எழுத்து முன்னால், எண் பின்னால் என்று இடம் மாறித் தெரியும். அதைப் பார்த்து ஆர்டர் எழுதுபவர் இல்லாத மாடலைக் கேட்பார். யூனிகோடின் இருதிசை விதிப்படி பிரௌசர் செய்வது சரிதான். நாம் சொல்லவில்லை என்பதுதான் குறை. மாடல் எண், அளவு, தொலைபேசி எண் ஒவ்வொன்றையும் இடமிருந்து வலம் என்று குறித்த தனி டேகுக்குள் வையுங்கள்.

பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இடது, வலது என்று எழுதுவதை இன்றே விட்டுவிட்டு தொடக்கம், முடிவு என்ற தர்க்கப் பண்புகளுக்கு மாறுங்கள். ஒரே ஸ்டைல்ஷீட் இரண்டு திசைக்கும் ஓடும். ஐகான்களில் "அடுத்து" அம்பு திரும்ப வேண்டும். வீடியோவின் பிளே பொத்தான் திரும்பக் கூடாது. உங்கள் கருவியின் முகப்புப் படத்தையும் யாராவது ஆர்வக்கோளாறில் புரட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிரல்மணி எழுதியது:

எண் பேச்சு வந்ததால் சொல்கிறேன். உங்கள் துறையில் இதுதான் உயிர். ஆங்கிலப் பக்கத்தில் 1,500 கிலோ என்று இருப்பதை ஜெர்மன்காரர் ஒன்றரைக் கிலோ என்று படிப்பார், அவருக்குக் கமாதான் தசமப் புள்ளி. ஆகவே எண்ணை எழுத்தாகச் சேமிக்காதீர்கள். தரவுத்தளத்தில் எண்ணாக வைத்து, காட்டும்போது மொழிக்கேற்ப எண்ணை எழுதும் பிரௌசரின் இன்டில் வசதியால் வடிவமைக்க விடுங்கள். பன்னாட்டு எடை அளவைப் பொது மாநாடு 2003இல், தசமக் குறி புள்ளியாகவோ கமாவாகவோ இருக்கலாம், ஆயிரங்களைப் பிரிக்க இடைவெளி மட்டுமே விடலாம் என்று தீர்மானித்தது. அளவீட்டுக் கருவிக்காரர்களுக்கு அது பொருத்தமான வழி.

"இத்தனை கருவிகள் கிடைத்தன" போன்ற வரியைத் துண்டு துண்டாக ஒட்டாதீர்கள். அரபுக்கு எண்ணிக்கையைப் பொறுத்து ஆறு வடிவம், ஜப்பானியத்துக்கு ஒன்றே ஒன்று. மொழி வழக்கங்களைத் திரட்டிய யூனிகோடின் சிஎல்டிஆர் தரவுத்தொகுப்பில் எல்லா மொழிக்கும் விதி எழுதி வைத்திருக்கிறார்கள், எடுத்துப் பயன்படுத்த வேண்டியதுதான்.

விசாரணைப் படிவம்: பெயருக்கு ஒரே கட்டம் போதும். முதற்பெயர், குடும்பப்பெயர் என்று பிரித்து இரண்டையும் கட்டாயமாக்கினால் ஒற்றைப் பெயர்க்காரர் மாட்டிக்கொள்வார். அஞ்சல் குறியீட்டைக் கட்டாயமாக்காதீர்கள், ஹாங்காங்கில் அது கிடையவே கிடையாது. தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

சர்வர்சாமி எழுதியது:

கிழக்காசியா என்றதால் ஒரு எச்சரிக்கை. சீனாவில் யூடியூப் திறக்காது. கூகுள் மேப், கூகுளின் வழக்கமான கேப்ட்சா இரண்டையும் நம்ப முடியாது. படிவத்தில் கேப்ட்சாவை வைத்தால் சமர்ப்பிக்கும் பொத்தான் செத்துக் கிடக்கும், உங்களுக்கு ஒரு விசாரணையும் வராது, ஏன் என்றும் புரியாது. பெருநிலச் சீனாவுக்குள்ளேயே சர்வர் வைக்க வேண்டுமென்றால் சீன அரசிடம் செய்யும் ஐசிபி பதிவு தேவை. அந்த வழியில் போகும் முன் சட்டம் தெரிந்த ஒருவரிடம் பேசச் சொல்லுங்கள்.

கோட்டோவியன் எழுதியது:

இத்தனை விவரம் எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இங்கே படித்ததை வைத்து மேலிடத்திடம் பேசினேன். ஐபி திருப்பலும் கொடிகளும் போய்விட்டன. ஆனால் பன்னிரண்டு என்ற எண்ணிலிருந்து இறங்க மறுக்கிறார்கள். போட்டி நிறுவனம் பதினைந்து வைத்திருக்கிறதாம்.

கிளிமொழி எழுதியது:

அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். ஜப்பானியப் படிவத்தில் ஜப்பானிய மொழியில் ஒருவர் சந்தேகம் கேட்டால் பதில் எழுதப்போவது யார்? ஆள் இருக்கும் மொழிக்கு முழுத் தளம். ஆள் இல்லாத மொழிக்கு ஒரே ஒரு நல்ல பக்கம்: நாங்கள் யார், என்ன செய்கிறோம், உங்கள் பகுதி விநியோகஸ்தர் யார், எந்த மொழியில் எழுதினால் பதில் வரும். கருவியின் விவரம் மாறும்போது எல்லா மொழியிலும் மாற்ற வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் துல்லியம் புதுசு, போர்ச்சுகீசில் பழசு என்று கிடந்தால் ஒப்பந்தத்தில் வம்பு வரும்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இதை நானும் வழிமொழிகிறேன். செலவு எழுதும்போது மொழிபெயர்ப்பை ஒருமுறைச் செலவாகக் காட்டாதீர்கள், ஆண்டுச் செலவாகக் காட்டுங்கள். எண்ணைப் பார்த்தால் தானாக இறங்குவார்கள்.

கோட்டோவியன் எழுதியது:

இறங்கிவிட்டார்கள்! ஆங்கிலத்தோடு ஜெர்மன், ஸ்பானிஷ், அரபு நான்கும் முழுத் தளம். மீதி எட்டுக்கும் கிளிமொழி அக்கா சொன்ன ஒற்றைப் பக்கம். வருபவர்களின் பிரௌசர் மொழியையும், விற்பனைப் பிரிவில் யார் எதில் பதில் எழுத முடியும் என்பதையும் வைத்துத்தான் இந்த நான்கைத் தேர்ந்தெடுத்தோம். கடைசியாக ஒன்று. பிறகு அந்த எட்டில் ஏதாவது ஒன்று முழுத் தளமாக வளர்ந்தால், அல்லது நான்கில் ஒன்றைக் கைவிட வேண்டி வந்தால், யூஆர்எல் என்ன ஆகும்?

சர்வர்சாமி எழுதியது:

வளர்வதில் சிக்கல் இல்லை. ஒற்றைப் பக்கத்தையும் இப்போதே அதன் மொழி ஃபோல்டரில் வையுங்கள். புதுப் பக்கங்கள் அதற்குள்ளேயே சேரும். ஹெச்ரெஃப்லாங்கில் அந்த ஒற்றைப் பக்கத்துக்கு ஜோடியாக முகப்பைச் சுட்டாதீர்கள், ஆங்கிலத்திலும் அதே மாதிரி அறிமுகப் பக்கம் ஒன்று இருந்தால் அதைச் சுட்டுங்கள்.

கைவிடுவதானால் அந்த மொழியின் ஒவ்வொரு கருவிப் பக்கத்தையும் அதே கருவியின் ஆங்கிலப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) போட்டுத் திருப்புங்கள். மொத்தத்தையும் முகப்புக்குத் தள்ளாதீர்கள். மற்ற மொழிகளின் குறிப்புகளிலிருந்தும் அன்றைக்கே அதை எடுத்துவிட வேண்டும். அச்சடித்த கையேடுகளிலும் கருவியின் முதுகில் ஒட்டிய க்யூஆர் லேபிளிலும் பழைய யூஆர்எல் இருக்கும், அதனால் அந்தத் திருப்பலை ஒருநாளும் எடுத்துவிடாதீர்கள்.